கஞ்சித் தொட்டி

வட சென்னையின் முதியோர் சிலரிடம் ஸ்டான்லி மருத்துவமனைக்கு வழி கேட்டால், "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரிக்கா?" என்று அவர்கள் நம்மைத் திருப்பிக் கேட்பதுண்டு. சென்னை மாகாணத்தின் கவர்னராயிருந்த ஜார்ஜ் பிரடெரிக் ஸ்டான்லியின் பெயர் 1934-ஆம் ஆண்டு முதல் அம்மருத்துவ நிலையத்தின் பலகையில் பொறிக்கப்பட்டுள்ளது. 1938-இல் அது மருத்துவக் கல்லூரியாகவும் உயர்ந்தது. ஆயினும் மக்கள் நாவிலே தங்கியது கவர்னரின் பெயரன்று, கஞ்சியின் பெயர்தான். ஒரு தொட்டி கஞ்சிக்கு இத்துணை நீண்ட ஆயுள் எங்ஙனம் வாய்த்தது என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கினால், அவ்வெண்ணம் நம்மை இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னே கொண்டுபோய் நிறுத்தி விடுகிறது.

அது 1782-ஆம் ஆண்டு. சென்னப்பட்டினத்தின் வடக்கு எல்லையாக ஒரு பெருஞ்சுவர் நின்றிருந்தது. 1758-59-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது பட்ட துன்பத்தின் பின்னர், ஊரைக் காக்கவென்று கும்பினியார் எழுப்பிய சுவர் அது. அதன் மிச்சம் இன்றும் பழைய சிறைச்சாலைச் சாலையை ஒட்டி மாடிப் பூங்காவாக நின்று கொண்டிருப்பதை அவ்வழியே செல்வோர் காணலாம். அச்சுவருக்கு வெளியே, இராயபுரத்தின் பக்கமாக, ஒரு மணியக்காரரின் சத்திரத்தில் பசித்தவர்க்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கினர். மணியக்காரர் என்னும் தமிழ்ச் சொல் ஆங்கிலேயர் நாவிலே 'மோனிகர்' எனத் திரிந்தது. அந்தச் சத்திரமும் 'மோனிகர் சவுல்ட்ரி' ஆயிற்று. கஞ்சி வார்த்த சத்திரம் நாளடைவில் நோயாளரின் புகலிடமாகவும் ஆயிற்று. 1799-இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் சுதேசிகளுக்கென ஒரு மருத்துவ விடுதியை நிறுவினார். அந்த வித்திலிருந்து எழுந்த மரமே இன்றைய ஸ்டான்லி. பசியும் நோயும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதை ஏழை அறிவான். அக்காலத்து மருத்துவரும் அறிந்திருந்தார் போலும்.

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் இது இனிய வரலாறு. ஆனால் அந்தப் பசி எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் கஞ்சியை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போவது நேர்மையாகாது. அக்கேள்விக்கு விடை கூறுவதும் நமக்கு அத்துணை எளிதன்று. ஏனெனில் அவ்விடையில் நம்மவர் பெயர்களும் வருகின்றன.

1780-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஏறத்தாழ 80,000 பேர் கொண்ட பெரும் படையுடன் ஐதர் அலி கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். கும்பினியை நடுங்க வைத்த வீரர் அவர். அவரையும் அவர்தம் மைந்தர் திப்பு சுல்தானையும் நம் சமுதாயத்தார் பெருமிதத்தோடு நினைவுகூர்வதில் வியப்பில்லை. அவர் பக்கத்தில் நியாயமும் இருந்தது. 1769-இல் சென்னையில் எழுதிய உடன்படிக்கையில், ஒருவர்க்கு இடர் வந்தால் மற்றவர் உதவுவதென்று கும்பினியார் ஒப்பியிருந்தனர். மராட்டியர் அவர்மேல் படையெடுத்தபோது அவ்வாக்கைக் காற்றிலே விட்டனர். 1779-இல் அவர்தம் பாதுகாப்பில் இருந்த மாஹேயையும் பிடித்துக் கொண்டனர். வாக்குத் தவறியவர்மேல் அவர் வாளெடுத்தார். அது வரையில் சரிதான்.

ஆனால் அவ்வாள் யார்மேல் விழுந்தது? சென்னைக் கோட்டைக்கு உணவு எட்டாதிருக்கும் பொருட்டுக் கோட்டையைச் சூழ்ந்த நாட்டைப் பாழாக்குவது ஐதரின் போர்முறை. ஊர்கள் எரிந்தன. ஏரிகளும் நீர்நிலைகளும் சிதைந்தன. ஆடுமாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. ஏர் பிடித்த குடியானவன் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு கோட்டையை நோக்கி ஓடி வந்தான். கும்பினிக்கு வாக்குத் தவறிய குற்றம் உண்டு. காஞ்சிபுரத்துக் குடியானவனுக்கு என்ன குற்றம் உண்டு? போரிலே பெண்டிர், பிள்ளைகள், முதியோர், துறவிகள் ஆகியோர்க்குத் தீங்கு செய்யலாகாது என்றும், பயன்தரும் மரங்களை வெட்டலாகாது என்றும் படைத்தலைவர்க்கு முதற் கலீபா அபூபக்ர் (ரலி) அவர்கள் இட்ட கட்டளையை நாம் மேடைதோறும் எடுத்துரைக்கிறோம். அக்கட்டளையை அளவுகோலாகக் கொண்டால் ஐதர் அலியின் இந்தச் செயல் அதற்குள் அடங்காது. நமக்கும் நம் உற்றார்க்கும் எதிராகவே அமைந்தாலும் சாட்சியத்தில் நீதி வழுவலாகாது என்று திருமறை நமக்குக் கட்டளையிட்டிருக்கிறது. அது நீதிமன்றக் கூண்டுக்கு மட்டும் உரியதாயிருக்க முடியாது. வரலாறு எழுதுவதும் ஒரு சாட்சியம் சொல்வதே.

இன்னொருவர் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜா. அவர் கும்பினியின் ஊழியர்களிடம் தனிப்படக் கடன் வாங்கினார். அக்கடனுக்கு வட்டியாக நாட்டின் வரி வருமானத்தை எழுதிக் கொடுத்தார். அந்தக் கடன்காரர்களுள் பேர்போனவன் பால் பென்பீல்டு என்பவன். 1785-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் இங்கிலாந்தின் நாடாளுமன்றத்தில் நவாபின் கடன்களைப் பற்றிப் பேசிய நெடிய உரையில், கர்நாடகத்தின் அழிவுக்கு வேர் இந்த வட்டிக்காரர்களின் பேராசைதான் என்று இடித்துரைத்தார். அவ்வுரையில் நாவன்மையின் மிகைகள் உண்டு. எனினும் அதன் அடிப்படையை மறுப்பது கடினம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சென்னையின் வடக்குச் சுவரைக் கட்டும் குத்தகையை எடுத்தவனும் இதே பென்பீல்டுதான். சுவரைக் கட்டிக் காசு பார்த்தான். நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்து நாட்டை வற்றடித்தான். வற்றிய நாட்டின் மக்கள் அவன் கட்டிய சுவருக்கு வெளியே கஞ்சிக்குக் காத்து நின்றார்கள். மாடிப் பூங்காவில் மாலையில் காற்று வாங்குவோர்க்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அவ்வாண்டில் நம்பிக்கை முழுதும் கடல் வழியே வரும் அரிசியின்மேல் இருந்தது. கடலிலோ பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் சப்ரேன் ஆங்கிலேயரோடு மோதிக் கொண்டிருந்தார். 1782 அக்டோபர் 15-ஆம் நாள் இரவு எழுந்த சூறாவளி எஞ்சிய நம்பிக்கையையும் அடித்துச் சென்றது. அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலிலே நங்கூரமிட்டு நிற்கும், சரக்குகள் மசூலாப் படகுகளில் கரைசேரும். அவ்விரவில் அரிசி ஏற்றி வந்த கலங்கள் பல கரையிலே மோதிச் சிதறின. பசித்தவன் கண்ணெதிரே அரிசி கடல்நீரில் கலந்தது. அதன் பின்னர்ச் சத்திரத்துத் தொட்டியைச் சூழ்ந்த கூட்டம் எத்துணை பெருகியிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

ஆக, பசியை உண்டாக்கிய கைகள் பல. அவற்றுள் ஒன்றாகிய கும்பினியின் நிழலிலேயே கஞ்சியும் வார்க்கப்பட்டது. இதனாலே அந்தக் கஞ்சி மதிப்பிழந்து விடுமா? விடாது என்பதே நம் கருத்து. அடுப்பின் முன் நின்று வியர்வை சிந்தி அகப்பையைப் பிடித்தவனுக்கு அரசியல் தெரியாது. அவன் முன்னே நீட்டப்பட்ட கலயம்தான் தெரியும். இறைவனிடத்தில் அவனுக்குரிய கூலி அவனுக்கு உண்டு. ஆனால் பசியை உண்டாக்கியவன், தான் வார்த்த கஞ்சியைக் காட்டித் தன் கணக்கை நேர் செய்துகொள்ள முடியாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடும்போதுதான் வரலாற்றில் குழப்பம் நேர்கிறது.

இதே இராயபுரத்திலே, கஞ்சித் தொட்டிக்குச் சற்றுத் தொலைவில் அடங்கியிருக்கும் ஒரு நல்லடியாரையும் இங்கு நினையாமல் செல்ல முடியவில்லை. இராமநாதபுரச் சீமையில், தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் 1792-ஆம் ஆண்டு பிறந்தவர் சுல்தான் அப்துல் காதிர். இளமையிலே கீழக்கரையில் மார்க்கக் கல்வி பயின்றார். மாமன் மகளை மணமுடிக்கப் பெற்றோர் விரும்பியும் இசையாமல் துறவு பூண்டார். மலைகளிலும் காடுகளிலும் தவமிருந்து கடைசியில் சென்னை வந்தடைந்து, இராயபுரத்தில் பாவா லெப்பை என்பார்க்குரிய புதர் மண்டிய நிலத்தில் தங்கினார். அவ்விடத்தை லெப்பைக் காடு என்பர். இறைக்காதலில் மயங்கித் திரிந்த அவரைக் கண்டோர் 'மஸ்தான்' என்றழைத்தனர். அவரே பராபரக் கண்ணியும் மனோன்மணிக் கண்ணியும் பாடிய குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள். 1838-இல் மறைந்து இராயபுரத்திலேயே அடக்கமானார்கள்.

தொண்டிப் பகுதியிலிருந்து வந்தமையால் மக்கள் அன்னாரைத் 'தொண்டியார்' என்று அன்போடு அழைத்தனரென்றும், அதனாலேயே அப்பகுதி தொண்டியார்பேட்டை ஆகிப் பின்னர்த் தண்டையார்பேட்டை என மருவியதென்றும் நம் நூல்களிலும் மேடைகளிலும் தொன்றுதொட்டுச் சொல்லி வருகிறோம். நாமும் இளமையில் கேட்டு மகிழ்ந்த செய்திதான் இது. ஆனால் ஐதர் அலியைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட்டு இதில் மட்டும் கண்ணை மூடிக்கொள்வது எப்படி? எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றோடு தண்டையார்பேட்டையும் கும்பினியார் கைக்கு வந்தது 1693-ஆம் ஆண்டில். திருவொற்றியூர், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு, நுங்கம்பாக்கம் ஆகிய ஐந்தும் அதற்குப் பின், 1708-இல் வந்தன. குணங்குடியார் பிறப்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கும்பினியின் கணக்கில் ஏறிவிட்ட ஊருக்கு அவரால் பெயர் வந்தது என்று துணிந்து கூறுவது இயலாது. முன்பே இருந்த ஊர்ப் பெயரும், பின்னர் வந்த பெரியாரின் பெயரும் ஒலியிலே ஒத்திருக்கக் கண்டு, அன்பு மிகுதியால் மக்கள் இரண்டையும் ஒன்றாக முடிந்துவிட்டனர் என்று கொள்வதே பொருத்தமாகும். இராயபுரம் என்பதே தமிழ்க் கிறித்தவர் இராயப்பர் என வழங்கும் தூய பேதுருவின் பெயரால் வந்தது என்பர். ஆகவே பெயர்களிலே உரிமை கொண்டாடும் ஆசை எல்லார்க்கும் உள்ளதுதான்.

இதனால் குணங்குடியாருக்கு ஏதும் குறைவு வந்துவிடாது. ஊருக்குப் பெயரானது அவர்தம் பெருமையன்று. தமக்கென ஒரு பிடி மண்ணும் வைத்துக் கொள்ளாத அவரை ஊரார் எவ்வாறு தாங்கினர் என்பதே வியத்தற்குரியது. தங்க நிலம் கொடுத்தவர் ஒரு லெப்பை. சீடராய் அடியொற்றி நின்றவருள் ஒருவர் அய்யாசாமி முதலியார். அவர்மீது நான்மணிமாலை பாடியவர் திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர். அவர்தம் பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சேற்றியவர் சீயமங்கலம் அருணாசல முதலியார். அருணாசல முதலியாரின் உழைப்பு இல்லையேல் இன்று நம் வீட்டுப் பேழைகளில் குணங்குடியார் பாடல் திரட்டு இருந்திருக்குமா என்பது ஐயமே. நம் இலக்கியச் செல்வத்தைக் காத்துத் தந்த அவருக்கு நாம் பட்டிருக்கும் கடனை எத்தனை பேர் அறிவோம்? பொய்யான ஊர்ப்பெயர்க் கதையை நூறு முறை சொன்ன நாம், மெய்யான இந்த நன்றியைப் பத்து முறையாவது சொல்லியிருக்கலாம்.

குணங்குடியார் மறைவுக்கு ஐந்தாண்டுகட்கு முன்புதான் குண்டூர்ப் பஞ்சம் வந்தது. 1832-33-இல் வடக்கே குண்டூர்ச் சீமையில் மூன்றில் ஒரு பங்கினர்க்குக் குறையாமல் மாண்டனர் என்பர். உயிர் பிழைத்தோர் பலர் சென்னையை நோக்கி நடந்தனர். வடக்கிலிருந்து வருவோர் நகருக்குள் நுழையும் வாயில் திருவொற்றியூர்ச் சாலையன்றோ? அவர்கள் கண்ணில் பட்ட ஊர்கள் இவையே.

அதனினும் கொடியது 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம். நம் பாட்டிமார் நாவில் 'தாது வருசம்' என்றாலே நடுக்கம் இருந்தது. தென்னாட்டில் மாண்டோர் தொகை ஐம்பது இலட்சத்துக்கும் மிகும் என மதிப்பிடுவர். 1877-இன் தொடக்கத்தில், செலவைக் குறைக்கவென்று இந்திய அரசு சர் ரிச்சர்டு டெம்பிளை அனுப்பிற்று. அவர், கூலி வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும், அதனோடு ஓரணாவும் போதுமென்று வரையறுத்தார். மண் வெட்டிச் சுமப்பவனுக்கு இது போதாதென்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்து எழுதினார். சில திங்கள் சென்றபின் அரசு இறங்கி வந்து அளவை உயர்த்தியது. அதற்குள் எத்தனை உயிர் போயிற்றோ! அதே நாட்களில் சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைபோல் அடுக்கப்பட்டுக் காவலும் போடப்பட்டிருந்தது. விலை ஏறும் வரையில் காத்திருப்பது வணிகரின் உரிமை, அதில் அரசு தலையிடலாகாது என்பது அன்றைய ஆட்சியாளர் கொள்கை.

நம் வரலாற்றிலும் ஒரு பஞ்சம் உண்டு. ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டு அறபு நாட்டில் மழை பொய்த்து மண் சாம்பல் நிறமாயிற்று. அதனைச் சாம்பல் ஆண்டு என்றே அழைத்தனர். கலீபா உமர் (ரலி) அவர்கள், மக்கள் எல்லோர்க்கும் கிட்டும் வரையில் தாம் நெய்யும் இறைச்சியும் உண்பதில்லை என உறுதி பூண்டார்கள். காய்ந்த ரொட்டியும் எண்ணெயும் உண்டு அன்னாரின் மேனி நிறமே மாறிப்போயிற்று. எகிப்தின் ஆளுநர் அம்ரிப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்கு எழுதிக் கடல் வழியே தானியம் தருவித்தார்கள். பசியால் திருடியவனுக்குத் திருட்டின் தண்டனை இல்லையென்று நிறுத்தி வைத்தார்கள். ஒருவர் பசியைப் பிறன் வயிற்றில் அளந்து பார்த்தார். மற்றவர் தம் வயிற்றிலேயே அளந்து பார்த்தார்கள். பதுக்கி வைத்து விலையேற்றுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாவமென்று கண்டித்ததும் ஈண்டு நினைவுக்கு வருகிறது. அந்தக் கடற்கரை மூட்டைகளுக்கு உரியவர் யார் யாரென்று நாம் பட்டியல் தேடப் போவதில்லை. வணிகர் எல்லாச் சமயத்திலும் இருந்தனர். நம்மிலும் அரிசி வணிகர் உண்டு என்பதை மட்டும் மறவாதிருப்போம்.

ஒன்றை மறுப்பின்றிச் சொல்லலாம். அப்பஞ்சத்தின்போது சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு விடுத்த வேண்டுகோளுக்கு இணங்கி இலண்டன் மேயர் திறந்த நிதியில் ஐந்து இலட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. தம் வாழ்நாளில் தமிழ்நாட்டைக் காணாத ஏழைத் தொழிலாளரும் அதில் காசு போட்டனர். ஒரே நாட்டிலிருந்து டெம்பிளும் வந்தார். அந்தக் காசும் வந்தது.

பஞ்சத்துக் கூலி வேலையாக அன்று வெட்டப்பட்டதே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி. சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் வரை செல்லும் பகுதியோ 1806-லேயே வெட்டப்பட்டு, கொக்ரேன் என்பார் பெயரால் வழங்கிற்று. பின்னர் முழுதும் பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று. இன்று அதில் ஓடுவது யாதென்பதை மூக்கே சொல்லிவிடும். ஒரு காலத்தில் நெல்லும் விறகும் உப்பும் படகேறி வந்த நீர்வழி அது. இலவசக் கஞ்சியை விட மண்வெட்டும் கூலியே மேலென்று எண்ணித்தான் அவ்வேலையைத் தொடங்கினர். அந்த எண்ணத்தில் தவறில்லை. கூலியின் அளவில்தான் தவறு.

இதனைச் சொல்லும்போது பெருமானார் (ஸல்) அவர்கள் வாழ்வில் நடந்த ஒன்றைக் கூறாமலிருக்க முடியவில்லை. அன்சாரித் தோழர் ஒருவர் யாசித்து வந்தார். "உம் வீட்டில் ஒன்றுமே இல்லையா?" என வினவினார்கள். ஒரு விரிப்பும் ஒரு நீர்க் குவளையும் மட்டுமே உண்டென்றார். அவற்றைக் கொண்டுவரச் செய்து தாமே சபையில் ஏலம் கூறி இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள். ஒன்றுக்கு வீட்டாருக்கு உணவும், மற்றொன்றுக்குக் கோடரி ஒன்றும் வாங்கச் சொன்னார்கள். கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பு பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்கும்படியும், பதினைந்து நாட்கள் தம் கண்ணில் படலாகாதென்றும் அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது கையில் பத்துத் திர்ஹம் இருந்தது. இந்நிகழ்ச்சியைச் சோம்பேறிக்கு அறிவுரை என்றே பலரும் எடுத்துக் கூறுகின்றனர். நமக்கோ அந்தக் காம்பின்மேல்தான் கண் போகிறது. உபதேசத்தோடு அனுப்பிவிடவில்லை, கோடரியைக் கையில் வாங்கிக் காம்பு பொருத்தினார்கள். கொடுக்கப்பட்ட கூலியும் பதினைந்து நாளில் பத்தாகும்படி இருந்தது. டெம்பிளின் ஒரு பவுண்டு தானியத்தில் எவனும் பதினைந்து நாளில் நிமிர்ந்து நின்றிருக்க மாட்டான்.

இராயபுரத்து ஈகை ஒரு கூட்டத்தாரோடு நின்றுவிடவில்லை. ஸ்காட்லாந்திலிருந்து 1888-இல் வந்த மெடில்டா மக்பெயில் என்னும் பெண் மருத்துவர் தொடங்கிய சிறு மருந்தகம், 1914-இல் கிறிஸ்டினா ரெய்னி மருத்துவமனையாக எழுந்தது. ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய கோஷாப் பெண்டிர்க்கு அத்தகைய மருத்துவமனைகள் உயிர்காத்த இடங்களாயின என்பதை நம் பழைய குடும்பங்கள் அறியும். பதின்மூன்று வயதில் இறந்த தம் மகன் ஜாலின் நினைவாகப் பார்சிப் பெருமகன் பிரோஜ் கிளப்வாலா 1910-இல் இங்கு எழுப்பிய அக்கினி ஆலயம் இன்றும் உள்ளது. துறைமுகத்துக்கு வந்தவர் எவராயினும், பிரிவின் துயரை ஏதேனும் ஓர் அறமாக்கி இவ்வூரில் விட்டுச் சென்றிருக்கின்றனர்.

கஞ்சிக்கு மீண்டும் வருவோம். ரமளான் நோன்புக் கஞ்சி, தமிழ் முஸ்லிம்களின் தனிச் சொத்து. வடநாட்டு நோன்பாளிக்கு இது புதுமை. பச்சரிசி நொய்யும் பாசிப்பருப்பும் வெந்தயமும் இஞ்சி பூண்டும் தேங்காய்ப் பாலும் சேர்ந்து, உச்சிப் பொழுதிலிருந்தே பள்ளிவாசலின் பின்கட்டில் பெரிய சட்டிகளில் கொதிக்கும். பகல் முழுதும் பட்டினி கிடந்த வயிற்றை இதமாகத் திறக்க இதற்கு இணை வேறில்லை. 2001 முதல் தமிழ்நாட்டு அரசு இதற்கென்றே பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கி வருகிறது. இக்கஞ்சி நோன்பாளிக்கு மட்டும் என்று எந்தப் பள்ளியிலும் எழுதி வைக்கவில்லை. அசர் தொழுகை முடிந்ததும் தூக்குச் சட்டியோடு வரிசையில் நிற்கும் சிறுவர் சிறுமியருள் எவர் வீட்டில் நோன்பு, எவர் வீட்டில் நோன்பில்லை என்று சட்டி பிடித்தவர் கேட்பதில்லை. பிள்ளைக்கு மந்தமென்றாலும் காய்ச்சலென்றாலும் பள்ளிவாசல் கஞ்சியை வாங்கி வரச் சொல்லும் மாற்றுமதத் தாய்மார்கள் எங்கும் உண்டு.

2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. நமக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அடுப்பு அணைந்த ரமளான் அது ஒன்றுதான். கஞ்சி காய்ச்சவும் கூடி அருந்தவும் வழியின்றி, அரிசியை வீடுகளுக்கே பிரித்துக் கொடுத்தனர். அரிசி வந்தது, கஞ்சி வரவில்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவ்வாண்டில்தான் பலர் உணர்ந்தனர். அதே நாட்களிலும் அடுத்த ஆண்டிலும், உறவினரே நெருங்க அஞ்சிய உடல்களை நம் இளைஞர்கள் ஏந்திச் சென்று, அவரவர் சமய முறைப்படி அடக்கியும் எரியூட்டியும் வந்ததைத் தமிழகம் முழுதும் கண்டது. அவர்களுள் பலர் பெயர் எந்தச் செய்தித்தாளிலும் வரவில்லை. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருக்க வேண்டுமென்ற நபிமொழியின் பொருளை அவர்களிடம் கேட்டறியலாம்.

இதை எழுதுங்கால் மனத்தில் ஓர் உறுத்தல். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படர்ந்தது. மீனவர் படகிலிருந்து குனிந்து வாளிகளாலும் கைகளாலும் அதனை அள்ளியதை நாடே பார்த்தது. அரிசியும் பாயும் போர்வையும் கொண்டு சென்றோர் பலர், நம்மவரும் சென்றனர். கொடுத்தது நன்றே. ஆனால் இறால் பிடித்து உண்டவனுக்கு இறாலைத் திருப்பிக் கொடுப்பது எந்தக் கஞ்சி? 1782-இல் எழுந்த கேள்விதான் இது; இடம் மட்டும் வடக்கே நகர்ந்திருக்கிறது.

மணியக்காரர் சத்திரம் இன்றும் இருக்கிறது. ஆதரவற்ற முதியோர்க்கு இல்லமாக நடந்து வருகிறது. சாலைக்கு மறுபுறம் ஸ்டான்லி மருத்துவமனையின் வாயிலில் இரவும் பகலும் கூட்டம். நோயாளியோடு வந்தோர் நடைபாதையில் துணி விரித்துப் படுத்திருப்பர். ரமளான் மாலையில் பாங்கொலி கேட்கச் சில நிமிடங்களே இருக்கையில் அவ்வழியே சென்றோம். பையன் ஒருவன் பெரிய தூக்கிலிருந்து கஞ்சியைக் குவளை குவளையாக ஊற்றி அவர்களிடம் நீட்டிக்கொண்டு வந்தான். வாங்கிய மூதாட்டி ஒருத்தி, "எந்தக் கோயில்ல குடுக்கறாங்க கண்ணு?" என்று கேட்டாள். அவன் பள்ளிவாசல் இருக்கும் திசையைக் கையால் காட்டிவிட்டு, "சூடா இருக்கு பாட்டி, ஊதிக் குடிங்க" என்று சொல்லி அடுத்தவரிடம் போனான்.